பாதி சொந்தம், பாதி இரவல்: ‘ஓல்ட் அண்ட் இன் தி வே’ ஆல்பம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1973 ஜூலை 28. நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் கார்ப் பந்தயத் திடலில் ஏறக்குறைய 6 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். மேடை ஏறியவை மூன்றே ராக் குழுக்கள். அவற்றில் ஒன்று கிரேட்ஃபுல் டெட். அதன் கிடார்க்காரர் ஜெர்ரி கார்சியா. பத்து வாரம் கழித்து, அக்டோபர் 8 இரவு, அதே கார்சியா சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘போர்டிங் ஹவுஸ்’ என்ற சின்னக் கிளப்பில் சில நூறு பேர் முன்னால் நிற்கிறார். எலெக்ட்ரிக் கிடார் இல்லை, கையில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம். டிரம்ஸ் இல்லை. மலைபோல் அடுக்கிய ஒலிபெருக்கிகளும் இல்லை. பக்கத்தில் ஒரு மாண்டலின், ஒரு கிடார், ஒரு ஃபிடில், ஒரு டபுள் பாஸ். அவ்வளவுதான் குழு.

அந்த இரவில் பதிவானதுதான் ‘ஓல்ட் அண்ட் இன் தி வே’ ஆல்பம். குழுவின் பெயரும் அதேதான். ‘வயசும் ஆச்சு, இடைஞ்சலாவும் ஆச்சு’ என்று சொன்னால் தமிழில் ஓரளவு கிட்டத்தில் வரும். தட்டில் பத்துப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பத்தில் ஐந்து குழுவில் இருந்தவர்களே எழுதியவை. மற்ற ஐந்து வெளியிலிருந்து எடுத்தவை. எழுதியவர் பெயர்களை மறைத்துவிட்டு யாரிடமாவது போட்டுக்காட்டி, எது சொந்தம், எது இரவல் என்று பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். பாதியாவது தப்பாக வரும். எனக்கு வந்தது. நூறு வருஷப் பழசு என்று நான் நினைத்த பாட்டை 28 வயதுக்காரர் ஒருவர் அப்போதுதான் எழுதியிருந்தார். மலைக்கிராமத்திலிருந்து வந்தது போல ஒலித்த இன்னொன்று லண்டன் ராக் குழுவின் பாட்டு.

இந்தக் குழப்பம் எப்படி உண்டானது, அது ஏன் இந்த ஆல்பத்துக்குக் கேடாகாமல் பலமாக ஆனது என்பதுதான் இந்த ஆய்வு.

ஐந்து பேர்

இவர்கள் வாசித்த இசைக்கு ப்ளூகிராஸ் என்று பெயர். அது பழைய நாட்டார் இசை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வயது அதிகமில்லை. கென்டக்கிக்காரரான பில் மன்றோவின் ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவில் 1945 இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்து, மூன்று விரலால் பாஞ்சோவைப் பொழிந்து தள்ளினாரே, அங்கேதான் அந்த ஒலி உருவானது. மன்றோ குழுவின் பெயரே பிறகு இசைக்கும் பெயரானது. டிரம்ஸ் கிடையாது என்றேன்; அந்த வேலையை மாண்டலின் செய்கிறது. பாஸ் ‘டும்’ என்று விழுந்த அடுத்த கணம், தந்தியை அமுக்கிப் பிடித்து ‘சக்’ என்று ஒரு வெட்டு. டும்-சக், டும்-சக். மாண்டலின் என்றதும் யூ. ஸ்ரீநிவாஸ் ஞாபகம் வரும் நம் காதுக்கு, அதே பெயருள்ள வாத்தியம் இங்கே மிருதங்கத்தின் இடத்தில் உட்கார்ந்திருப்பது பழக முதலில் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கார்சியாவுக்கு இந்த இசை இளவயதுக் காதல். கிரேட்ஃபுல் டெட் பிறப்பதற்கு முன், 1964இல், நண்பர் ஒருவருடன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கலிஃபோர்னியாவிலிருந்து நாட்டின் மறுகோடி வரை காரில் போனார். ப்ளூகிராஸ் கச்சேரிகளைப் பதிவு செய்ய வேண்டும். முடிந்தால் மன்றோவிடமே பாஞ்சோ வாசிக்கச் சேர வேண்டும். சேர முடியவில்லை. ஆனால் பென்சில்வேனியாவில் ‘சன்செட் பார்க்’ என்ற இடத்தில் நியூயார்க் பக்கத்து மாண்டலின்காரப் பையன் ஒருவனைச் சந்தித்தார். டேவிட் கிரிஸ்மன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கார்சியாவின் வலதுகை நடுவிரல் சின்ன வயதில் கோடரி பட்டுப் பெரும்பாலும் போய்விட்டது. ஸ்க்ரக்ஸ் பாணி பாஞ்சோவுக்குக் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் வேண்டும். அதில் ஒன்று இல்லாமலே இந்த வாத்தியத்தைப் பிடித்த மனிதர் இவர்.

பாடகரும் கிடார்க்காரருமான பீட்டர் ரோவன், கார்சியாவுக்குக் கிடைக்காமல் போன அந்த இடத்தைப் பெற்றவர். 1960களின் நடுவில் மன்றோவின் குழுவிலேயே பாடினார், மன்றோவோடு சேர்ந்து பாட்டும் எழுதினார். அதன்பின் கிரிஸ்மனும் அவரும் ‘எர்த் ஓபரா’ என்ற ராக் குழுவை நடத்தினார்கள். 1973 வாக்கில் மூவரும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஸ்டின்சன் பீச் என்ற கடலோர ஊரில் அக்கம்பக்கமாக இருந்தார்கள். சாயங்காலம் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்தான் இந்தக் குழு ஆரம்பித்தது. பாஸுக்கு ஜான் கான் வந்தார். கார்சியாவின் மற்றக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் பாஸ் வாசிப்பவர்.

ஃபிடிலுக்குத்தான் ஆள் மாறி மாறி, கடைசியில் வாசர் கிளெமெண்ட்ஸ் வந்து சேர்ந்தார். மற்ற நால்வரும் இருபதுகளின் நடுவுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில், இவருக்கு 45. 1940களின் இறுதியிலேயே மன்றோவோடு வாசித்தவர், அப்புறம் ஜிம் அண்ட் ஜெஸ்ஸி சகோதரர்களுடனும். ‘வயசாச்சு’ என்று பெயர் வைத்துக்கொண்ட குழுவில் அந்தப் பெயருக்குக் கொஞ்சமாவது அருகில் வரக்கூடியவர் இவர் ஒருவர்தான். அவர் வாசித்ததுதான் குழுவிலேயே புதிதாக இருந்தது என்பது தனிக்கதை. ஜாஸின் நெளிவுகளைக் கூச்சமில்லாமல் உள்ளே கொண்டுவருவார். வில்லை ஒரு தந்தியில் வைத்து, அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போய், நாம் எதிர்பார்த்த இடத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்பார்.

கவர் என்பதற்கு இங்கே என்ன பொருள்

ராக் உலகத்தில் 1960களுக்குப் பிறகு ஒரு மரியாதைக் கணக்கு உருவாகிவிட்டது. சொந்தமாக எழுதிப் பாடினால் கலைஞன். அடுத்தவர் பாட்டைப் பாடினால், அதாவது ‘கவர்’ செய்தால், கல்யாணக் கச்சேரிக்காரன். ப்ளூகிராஸில் அந்தக் கணக்கு செல்லாது. மன்றோ 1939இல் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ வானொலி மேடையில் முதன்முதலாகப் பாடிக் கைதட்டல் வாங்கிய ‘மியூல் ஸ்கின்னர் ப்ளூஸ்’ அவர் எழுதியதல்ல. ஜிம்மி ரோஜர்ஸ் பாடியது. மன்றோ அதன் வேகத்தை ஏற்றினார், குரலை உச்சிக்குக் கொண்டுபோனார், பாட்டு அவருடையதாகிவிட்டது.

மறுபக்கமும் நடந்தது. மன்றோ எழுதிய ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’ மூன்று அடித் தாளத்தில் நிதானமாகப் போகும் பாட்டு. 1954இல் எல்விஸ் பிரெஸ்லி என்ற புதுப் பையன் தன் முதல் தட்டிலேயே அதை நாலடித் துள்ளலில் போட்டுவிட்டான். மன்றோ கோபப்படவில்லை. தன் பாட்டைத் தானே மறுபடி பதிவு செய்தார்: முதல் பாதி பழைய மூன்றடி, பிறகு எல்விஸ் மாதிரி நாலடி. மூலகர்த்தா தன் கவரைப் பார்த்துத் தன் பாட்டைத் திருத்திக்கொண்டார். இதற்கு மேல் ‘எது அசல்’ என்று கேட்டு என்ன பயன்?

வெளிப்பாட்டை எடுப்பதும் 1973க்குப் புதிதில்லை. ஜிம் அண்ட் ஜெஸ்ஸி 1965இலேயே சக் பெர்ரியின் ராக் பாட்டுகளை வைத்து ஒரு முழுத் தட்டு வெளியிட்டிருந்தார்கள். 1960களின் இறுதியில், மன்றோ குழுவிலிருந்து பிரிந்துபோன லெஸ்டர் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் பாப் டிலன் பாட்டுகளைப் பாடினார்கள். கலிஃபோர்னியாவின் நீண்ட தலைமுடிக்காரர்கள் வந்துதான் ப்ளூகிராஸைக் கெடுத்தார்கள் அல்லது காப்பாற்றினார்கள் என்று இரண்டு தரப்பும் சொல்லும் கதையை அதனால் நான் நம்புவதில்லை.

பாட்டுகளுக்குள்

முதல் பாட்டு ‘பிக் இன் எ பென்’. நாட்டார் சொத்து. கார்சியா பாடுகிறார். பட்டியில் பன்றி இருக்கிறது, அதற்குப் போடச் சோளமும் இருக்கிறது. தான் ஊரில் இல்லாதபோது அதற்குத் தீனி வைக்க ஒரு அழகான பெண் மட்டும்தான் பாக்கி. காதல் பாட்டு என்றால் இப்படியும் இருக்கலாம். வேகமான, கவலையில்லாத தொடக்கம். மூன்று நிமிடத்தில் முடிகிறது.

அதன் தலையிலேயே அடுத்து ‘மிட்நைட் மூன்லைட்’. ரோவனின் சொந்தப் பாட்டு, ஆறு நிமிடத்துக்கு மேல். இந்த அடுக்கை யார் முடிவு செய்தார்களோ, கெட்டிக்காரர். பன்றிப் பாட்டைக் கேட்டுக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பவனை, அது சொந்தமா இரவலா என்று யோசிக்கவிடாமல், இந்த நீண்ட பாட்டுக்குள் இழுத்துவிடுகிறது. சொற்கள் எளிமை: தனிமை, நிலவு, ஆறுதல். பழைய பாட்டுகளில் எந்நேரமும் இருக்கும் சாமான்கள். ஆனால் பழைய பாட்டு எதுவும் இப்படி விரிந்துகொண்டே போகாது. வாத்தியக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக முன்னுக்கு வந்து வாசிக்கும் முறைக்கு அவர்கள் ‘பிரேக்’ என்பார்கள். இந்தப் பாட்டின் பிரேக்குகளில் கார்சியாவின் ராக் மேடைப் பழக்கம் தெரிகிறது. அவசரமில்லை, அடுத்தவருக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, தலைப்புப் பாட்டு. கிரிஸ்மன் எழுதியது. ஒரு காலத்தில் வாழ்ந்தவன், இப்போது யாருக்கும் வேண்டாதவன். எழுதும்போது கிரிஸ்மனுக்கு 28. இதில் வேடிக்கை, 1920களில் சார்லி பூல் என்ற வட கரோலினா பாஞ்சோக்காரர் பதிவு செய்த பாட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய இதே தலைப்பு: ‘ஓல்ட் அண்ட் ஒன்லி இன் தி வே’. சொந்தப் பாட்டின் தலைப்பே ஐம்பது வருஷப் பழசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் ஏமாந்தது இந்தப் பாட்டில்தான். இனி ஏமாறுபவர்கள் வெட்கப்பட வேண்டாம்.

அந்தப் பக்கத்தின் மற்ற இரண்டு, ‘நாக்கின் ஆன் யுவர் டோர்’, ‘தி ஹோபோ சாங்’. முதலாவது எனக்குச் சுமார். இரண்டாவது ஜாக் போனஸ் எழுதியது, ரயிலேறித் திரிந்த நாடோடிகளைப் பற்றியது. ஃபிடிலுக்காகக் கேட்கலாம்.

தட்டைத் திருப்பினால் ஆட்டம் மாறுகிறது. ‘பனாமா ரெட்’ ரோவனின் பாட்டு. குதிரையில் ஊருக்குள் வந்து பெண்களை மயக்கிவிட்டுப் போகும் போக்கிரியின் கதை போலத் தெரியும். பனாமா ரெட் என்பது உண்மையில் ஒரு கஞ்சா ரகத்தின் பெயர். இது எழுதியவரே பாடும் சொந்தப் பாட்டு. ஆனால் ‘நியூ ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்’ என்ற குழு இதை 1973இலேயே தன் ஆல்பத்தில் போட்டுப் பிரபலமாக்கிவிட்டது. கார்சியாவும் முன்பு வாசித்த குழுதான் அது. ரோவன் பாடிய இந்த வடிவம் தட்டாக வந்தது 1975 பிப்ரவரியில். ஆக, கடையில் தட்டை வாங்கியவருக்கு எழுதியவரின் குரல்தான் கவர் மாதிரி கேட்டிருக்கும்.

அடுத்தது ‘வைல்ட் ஹார்சஸ்’. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதியது; ரோலிங் ஸ்டோன்ஸின் தட்டில் 1971இல் வந்தது. ஆனால் கிராம் பார்சன்ஸ் பாடி ‘ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ்’ வெளியிட்ட வடிவம் அதற்கு முந்தைய வருஷமே, 1970இல், வந்துவிட்டது. எழுதியவர்களுடையது வெளிவருவதற்கு முன்பே கவர் கடைக்கு வந்த பாட்டு. அந்த கிராம் பார்சன்ஸ் 1973 செப்டம்பர் 19 அன்று இறந்தார். போர்டிங் ஹவுஸ் பதிவு அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து. அதே கோடையில், ஜூலையில், இவர்களுடைய நண்பரும் ப்ளூகிராஸ் கிடாரை மாற்றியமைத்தவருமான கிளாரன்ஸ் வைட் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி இறந்திருந்தார். அந்த இரவு யாரை நினைத்துக்கொண்டு பாடினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ரோவனின் குரல் மேலே போய் உடையும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் கை வேலையை நிறுத்திவிடுகிறது.

இந்தப் பாட்டை இவர்கள் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஸ்டோன்ஸ் பாடும்போது அது அசதியின் பாட்டு. ஒரு ஹோட்டல் அறையில் விடிகாலையில் உட்கார்ந்து பாடுவது போல. ப்ளூகிராஸில் அசதிக்கு இடமில்லை. பாஸும் மாண்டலினும் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், சோர்ந்து விழ விடாது. ஆகவே சோகம் முழுக்கக் குரலின் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. பல்லவியில் மற்றவர்கள் மேல்குரலும் கீழ்க்குரலுமாகச் சேரும்போது, தனி ஒருவனின் புலம்பல் ஒரு வீட்டின் துக்கம் ஆகிறது. பாடல் வரி எதையும் மாற்றவில்லை. பாட்டுக்குள் அழுபவர் யார் என்பதுதான் மாறியிருக்கிறது.

‘கிஸ்ஸிமி கிட்’ சொல் இல்லாத வாத்தியப் பாட்டு, வாசருடையது. கிஸ்ஸிமி என்பது ஃப்ளோரிடாவில் அவர் வளர்ந்த ஊர். இதைக் கேட்டால் யாருக்கும் பாட்டன் காலத்துக் கூத்து மெட்டு என்றுதான் தோன்றும். நடுவில் திடீரென்று வரும் ஒரு வளைவு மட்டும் இது பாட்டன் காலத்ததில்லை என்று காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் ‘வைட் டவ்’. ஆல்பத்தின் மையம் இதுதான் என்பது என் கட்சி. கார்ட்டர் ஸ்டான்லி எழுதி, தம்பி ரால்ஃபுடன் ஸ்டான்லி பிரதர்ஸாக 1949இல் பதிவு செய்தது. மலையடிவார வீடு, அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், ஒரு வெள்ளைப் புறா அழுகிறது. இவ்வளவுதான். மூன்றடித் தாளத்தில், மூச்சு விடுவது போல நகரும். பதிவு செய்தபோது கார்ட்டருக்கு 23 வயதுதான். இதையும் கிரிஸ்மனின் கிழவன் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபதுகளில் இருக்கும் ஒருவன் முதுமையையும் சாவையும் பற்றி, தன் அனுபவத்தைக் கேட்காமல், மரபு கொடுத்த சொற்களை எடுத்துப் பாடுவதுதான் இரண்டிலும் நடக்கிறது. கார்ட்டர் மலைக்காரர், கிரிஸ்மன் நியூஜெர்சி நகரத்துப் பையன் என்பது வேறுபாடுதான். வாயைத் திறந்து பாடும்போது அது எங்கே போகிறது என்று தெரியவில்லை.

கடைசி, ‘லேண்ட் ஆஃப் தி நவஹோ’. ரோவனின் பாட்டு, ஆறு நிமிடம். பாலைவெளி, பயணம், முடிவில் கீழ்க்குரலுக்கும் மேல்குரலுக்கும் தாவித் தாவிப் பாடும் யோடெல். அதுவும் போய்ப் பூர்வகுடிப் பாட்டைப் போன்ற நீண்ட ஓலம். இந்த ஆல்பத்தில் ஏதாவது ஒன்று இரவல் போல ஒலிக்கிறது என்றால் அது இந்தச் சொந்தப் பாட்டுதான். மற்றப் பாட்டுகளில் எடுத்தவை எல்லாம் இவர்கள் புழங்கிய வீட்டுக்குள்ளிருந்தே எடுத்தவை. இதில் மட்டும் வெளியாள் ஒருவர் இன்னொரு மக்களின் குரலைப் போட்டுப் பார்க்கிறார். 1973இல் யாரும் இதைக் கேட்டு நெளிந்திருக்க மாட்டார்கள். இன்று நான் நெளிகிறேன். குரல் அற்புதம் என்பதையும் மறுக்க முடியவில்லை.

எட்டு மைக், ஒரு டேப்

பதிவு செய்தவர் ஓவ்ஸ்லி ஸ்டான்லி, கூட விக்டோரியா பாப்காக். ஓவ்ஸ்லியை உலகம் அறிந்தது எல்.எஸ்.டி. போதைமருந்து தயாரித்தவராக, அதற்காகச் சிறையும் போய் வந்தவர். இசைக்காரர்களுக்கு அவர் ஒலிப் பைத்தியம். அடுத்த வருஷம் கிரேட்ஃபுல் டெட்டின் பிரம்மாண்ட ‘வால் ஆஃப் சவுண்ட்’ ஒலிபெருக்கி அமைப்புக்குப் பின்னால் இருந்த மூளைகளில் ஒன்று. ஒரு பொருத்தத்தையும் சொல்லாமல் விட மனமில்லை: அவருடைய தாத்தா கென்டக்கி மாநில ஆளுநராக இருந்தவர். ‘ப்ளூகிராஸ்’ அந்த மாநிலத்தின் செல்லப்பெயர்.

எட்டு மைக். இடது பக்கத்துக்கு நாலு, வலது பக்கத்துக்கு நாலு. எல்லாம் அங்கேயே கலந்து ஒரு ஸ்டீரியோ நாக்ரா டேப் ரிக்கார்டருக்குள் போனது. நாக்ரா, சினிமாக்காரர்கள் ஒலிப்பதிவுக்குத் தூக்கிக்கொண்டு திரிந்த இயந்திரம். அப்போதே ஸ்டுடியோக்களில் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதியும் 16 டிராக் வந்துவிட்டது. பாஞ்சோவைத் தனியாகக் குறைக்கலாம், குரலில் பிசிறு இருந்தால் மறுநாள் வந்து மறுபடி பாடிச் சேர்க்கலாம். இரண்டு டிராக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாண்டலின் ஒரு இடத்தில் அமுங்கினால் அமுங்கியதுதான். தப்பு விழுந்தால் தப்போடுதான்.

தப்புகள் இருக்கின்றன. கார்சியாவின் பாஞ்சோதான் குழுவில் பலவீனமான கண்ணி என்று சொன்னால் டெட் ரசிகர்கள் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். வேகமான இடங்களில் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று இடறுகின்றன. விரல்கள் மாறி மாறி ஓடும் ஒரு வரிசை, ‘ரோல்’, தொடங்கி, முடிவதற்கு முன் கை வேறு யோசனைக்குப் போய்விடும். இதே டேப் மல்டிடிராக்காக இருந்திருந்தால் யாராவது அதைச் சீர் செய்திருப்பார்கள். கூடவே ஒரே அறையில் ஐந்து பேர் மூச்சு வாங்கும் அந்த ஒலியும் போயிருக்கும். சொந்தமும் இரவலும் கலந்து போனதற்கு நான் தரும் காரணங்களில் இது முக்கியமானது. பத்துப் பாட்டும் ஒரே அறை, ஒரே டேப், ஒரே காற்று. ஸ்டுடியோவில் பாட்டுக்குப் பாட்டு போடும் தனித்தனி அலங்காரம் எதுவும் இவற்றின் மேல் இல்லை.

அந்தக் கிளப்பைப் பற்றி ஒரு வரி: சில வருஷம் கழித்து நகைச்சுவைக்காரர் ஸ்டீவ் மார்ட்டின் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ததும் போர்டிங் ஹவுஸில்தான். அவரும் பாஞ்சோக்காரர்.

இரண்டு சென்ட்

காசுக் கணக்கு இல்லாமல் கவர் பற்றிப் பேசக் கூடாது. அமெரிக்காவின் 1909 காப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளியாகிவிட்டால், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம். எழுதியவர் தடுக்க முடியாது, காசு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். சட்டம் வைத்த விலை ஒரு பிரதிக்கு, ஒரு பாட்டுக்கு, 2 சென்ட். 1978 வரைக்கும் அதே 2 சென்ட்.

அப்படியானால் பத்துப் பாட்டுள்ள ஒரு எல்.பி. விற்றால் பாட்டெழுதியவர்களுக்கான மொத்தப் பங்கு அதிகபட்சம் 20 சென்ட். இந்த ஆல்பத்தில் ஐந்து சொந்தப் பாட்டு, ஆகவே 10 சென்ட் குழுவுக்குள்ளேயே நிற்கிறது. அதில் 6 சென்ட் மூன்று பாட்டு எழுதிய ரோவனுக்கு. நாட்டார் பாட்டுக்கு யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை. ‘வைல்ட் ஹார்சஸ்’ 2 சென்ட், ‘வைட் டவ்’ 2 சென்ட். கார்ட்டர் ஸ்டான்லி 1966இலேயே, 41 வயதில், இறந்துவிட்டார். ஜாகர்-ரிச்சர்ட்ஸுக்கும் ஒரு மலைக்காரரின் வாரிசுக்கும் ஒரே விலை என்ற ஒரு சமத்துவம் இந்தச் சட்டத்தில்தான் இருந்தது.

தட்டு வெளிவந்தது ‘ரவுண்ட் ரெக்கார்ட்ஸ்’ என்ற லேபிளில். கிரேட்ஃபுல் டெட் வட்டாரமே நடத்தியது. அது வந்தபோது குழுவே இல்லை. 1973 வசந்தத்தில் தொடங்கிய குழு அந்த வருஷத்தோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. வாசருக்கு நாஷ்வில்லில் வேலை, கார்சியாவுக்கு டெட், கிரிஸ்மனுக்கு மண்டையில் வேறு இசை. இல்லாத குழுவின் ஆல்பம் நன்றாக விற்றது. ப்ளூகிராஸில் மிக அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்று என்று நெடுங்காலம் பேசப்பட்டது.

பாட்டுகளின் தரத்தாலா விற்றது? இங்கே ஆய்வாளன் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். வாங்கியவர்களில் பெரும் பங்கு கார்சியா பெயரைப் பார்த்து வாங்கிய டெட் ரசிகர்களாகத்தான் இருக்க வேண்டும். அதே ஐந்து பேரில் பாஞ்சோவுக்குக் கார்சியாவை விடத் திறமையான, பெயர் தெரியாத ஒருவரைப் போட்டிருந்தால் ஆல்பம் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். பத்தில் ஒரு பங்கு கூட விற்றிருக்காது என்பது என் ஊகம். ஆனால் கார்சியாவுக்காக வாங்கியவன் பாட்டுக்கு நடுவே கார்ட்டர் ஸ்டான்லியைக் கேட்டான். வாசரைக் கேட்டான். அங்கிருந்து பின்னோக்கி மன்றோவுக்குப் போனவர்கள் நிறைய.

அதே வருஷத்து இன்னொரு தட்டு

ஒப்பிட ஒன்று வேண்டும். 1975இலேயே வந்தது ‘ஜே.டி. குரோ அண்ட் தி நியூ சவுத்’. ப்ளூகிராஸ்காரர்கள் லேபிள் எண்ணை வைத்தே ‘ரவுண்டர் 0044’ என்று சொல்வார்கள். குரோ பாஞ்சோ, டோனி ரைஸ் கிடார், ரிக்கி ஸ்காக்ஸ், ஜெர்ரி டக்ளஸ், பாபி ஸ்லோன். கென்டக்கி லெக்சிங்டனில் ஒரு ஹோட்டல் லவுஞ்சில் இரவுக்கு இரவு வாசித்து இறுகிப்போன குழு. 1975 ஜனவரியில் மேரிலாந்தில் ஸ்டுடியோ பதிவு. 2024இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்க வேண்டிய பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

அந்தத் தட்டில் குழுவினர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. கார்டன் லைட்ஃபுட், இயன் டைசன், ஃபேட்ஸ் டாமினோ, பழைய பக்திப் பாட்டு, எல்லாம் வெளிச்சரக்கு. ஆனாலும் அதைக் கேட்கும்போது ‘கவர் ஆல்பம்’ என்று யாருக்கும் தோன்றாது. அங்கே பாட்டுகளை ஒன்றாகக் கட்டுவது துல்லியம்: ஒரு சுரம் கூட இடம் தவறாது. இங்கே கட்டுவது தளர்வு. நான் எதை அதிகம் கேட்கிறேன் என்றால் 0044ஐத்தான். யாருக்காவது ப்ளூகிராஸை முதலில் அறிமுகம் செய்ய வேண்டும் என்றால் போர்டிங் ஹவுஸைப் போடுவேன். 0044ஐக் கேட்பவன் ‘இது என்னால் முடியாது’ என்று எழுந்து போவான். மற்றதைக் கேட்டவன் பழைய கடையில் பாஞ்சோ விலை விசாரிப்பான்.

போர்டிங் ஹவுஸில் அந்த அக்டோபரில் எடுத்த டேப்புகள் ஒரு ஆல்பத்தோடு தீரவில்லை. கார்சியா 1995இல் இறந்த பிறகு, கிரிஸ்மன் தன் ‘அக்கௌஸ்டிக் டிஸ்க்’ லேபிளில் 1996இலும் 1997இலும் மேலும் இரண்டு தட்டுகள் வெளியிட்டார். 2013இல் முழு டேப்புகளும் வந்தன. அவற்றைக் கேட்டால் முதல் ஆல்பத்துக்குப் பாட்டுப் பொறுக்கியவரின் வேலை புரியும். கைவசம் இருந்ததில் பழைய பாட்டுகளே அதிகம். அந்தக் குவியலிலிருந்து ஐந்துக்கு ஐந்து என்று எடுத்தது சும்மா நேர்ந்ததாகத் தெரியவில்லை.

ரோவன் தன் மூன்று பாட்டுகளையும் 1978இல் தன் தனி ஆல்பத்தில், டெக்சஸ் மெக்சிகரான ஃப்ளாக்கோ ஹிமெனெஸின் அக்கார்டியனோடு, மறுபடி பாடினார். ‘மிட்நைட் மூன்லைட்’டைக் கார்சியா தன் எலெக்ட்ரிக் குழுவுடன் வருஷக்கணக்கில் மேடையில் வாசித்தார். இன்று ப்ளூகிராஸ் விழாக்களில் கூடாரத்துக்குக் கூடாரம் வட்டமாக நின்று வாசிப்பவர்கள் கையில் அது ‘பிக் இன் எ பென்’ பக்கத்திலேயே இருக்கிறது.

2002இல் கிரிஸ்மன், ரோவன், வாசர் மூவரும் மறுபடி சேர்ந்தார்கள். பாஞ்சோவுக்கு ஹெர்ப் பெடர்சன். ஆல்பத்துக்கு ‘ஓல்ட் அண்ட் இன் தி கிரே’ என்று பெயர் வைத்தார்கள். வயசும் ஆச்சு, நரையும் ஆச்சு. வாசருக்கு அப்போது 74. கிரிஸ்மனுக்கு 57. கிழவனைப் பற்றி அவர் பாட்டெழுதி 29 வருஷம் ஆகியிருந்தது.